உடம்... உடனே வா!

என் அக்கா எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. எங்கள் பள்ளியில் அவளை முந்த ஆளே கிடையாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு?

ஆனால் ஐந்து மாதமாக அவள் ஓடவில்லை. இளைத்தால் இன்னும் வேகமாக ஓடலாம் என்று நினைத்துச் சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு சாப்பிடவே பயந்தாள். ஒருநாள் பயிற்சியில் மயங்கி விழுந்தாள். அது பிடிவாதம் இல்லை, ஒரு நோய் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து வாரந்தோறும் மருத்துவமனைக்குப் போகிறாள்.

நேற்று டாக்டர், "நாளைக்கு மைதானத்துக்குப் போகலாம். மெதுவா ரெண்டு சுற்று மட்டும்" என்றார். நான் குதித்தேன். அக்கா குதிக்கவில்லை.

"என்னக்கா?"

"போன வாரம் சித்தி 'உடம்பு நல்லா போட்டுட்டியே'ன்னாங்க. பாசமாத்தான் சொன்னாங்க. ஆனா அப்புறம் எனக்குச் சோறே இறங்கலை. நாளைக்கு எல்லாரும் அதையே சொன்னா, திரும்பி வந்துடுவேன்டி. அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டேன்."

சித்தி மட்டுமா? எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் முதல் பேச்சே "இளைச்சுட்டியே", இல்லாவிட்டால் "உடம்பு போட்டுட்டியே" தான்.

"நான் முன்னாடி போய்ச் சொல்லிடட்டுமா?"

அக்கா யோசித்தாள். "சரி, சொல்லு. மானத்தை மட்டும் வாங்காதே."

இன்று அவளும் அம்மாவும் வருவதற்குள் நான் மைதானத்துக்கு ஓடினேன். "அக்கா வர்றா. அவ உடம்பைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று பயிற்சியாளரிடமும் அங்கே ஓடிக்கொண்டிருந்த பெண்களிடமும் சொன்னேன்.

பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார். "தேறிட்டியேன்னு கூடவா?"

"கூடாது சார்."

"பின்னே என்னதான் கேக்கிறது?"

"'வந்துட்டியா'ன்னு கேளுங்க சார். போதும்."

"வந்துட்டியா, வந்துட்டியா" என்று அவர் மனப்பாடம் செய்தார்.

அக்கா உள்ளே வந்தாள். பயிற்சியாளருக்குப் பழக்கதோஷம் விடவில்லை.

"என்னம்மா, உடம்..." என்று ஆரம்பித்தவர் என் முறைப்பைப் பார்த்துவிட்டார். "உடம்... உடனே வா! ஷூவை இறுக்கிக் கட்டு!"

அக்கா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"நானே சொல்லிடுறேன் சார்" என்று எல்லோரையும் பார்த்தாள். "எனக்குச் சாப்பிடவே பயமா இருக்கிற நோய். வைத்தியம் பாக்குறேன். இன்னும் முழுசா சரியாகலை. ஆனா இன்னைக்கு ரெண்டு சுற்று ஓடுவேன்."

ஓடினாள். கடைசியாகத்தான் வந்தாள். எல்லோரும் நின்று கைதட்டினார்கள்.

"இன்னொரு சுற்று போறியா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"இல்லை சார். டாக்டர் ரெண்டுதான் சொல்லியிருக்கார்."

முன்பெல்லாம் ஓட்டத்தில் 'போதும்' என்ற வார்த்தையே அவள் வாயில் வராது. இப்போது பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோர் எதிரிலும் டிபன் பாக்ஸைத் திறந்தாள். முதல் வாயை மெதுவாகத்தான் எடுத்தாள். ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம், "யாரு அந்தக்கா?" என்று கேட்டாள்.

"எங்க அக்கா!" என்றேன். நான் கத்திய கத்தல் மைதானத்தின் மறுகோடிவரை கேட்டிருக்கும். கேட்கட்டுமே!