வெள்ளிக்கிழமைச் சான்ட்விச்

முதல் கடியிலேயே அவன் முகம் மாறியது...

பிரியந்தினி அதைக் கவனித்துவிட்டாள். சான்ட்விச்சுக்கு வெட்டிய பாணில் சம்பல் பூசிக்கொண்டே, வந்ததிலிருந்து அவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நெற்றியில் திருநீறு, ஒரு கையில் போன், தோளில் மழையில் நனைந்த பை. கண்கள்... சரி, கண்களைப் பற்றி அவள் எதுவும் நினைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

அவன் வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பினான்.

"இது மீன்."

உரும்பிராய்ச் சந்தியில் இருந்த அந்தச் சின்னக் கடை அப்படியே அடங்கிப்போனது. கோயிலுக்குப் போய்விட்டு நேரே அங்கு வந்து பசியாறுகிறவர்கள்தான் வெள்ளிக்கிழமைகளில் அதிகம். மகாதேவி ரீச்சர் கடித்த பாதியைத் தட்டில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது பிஞ்சுப் பிலாக்காய்," என்றாள் பிரியந்தினி.

"எனக்குப் பிலாக்காய் தெரியாதே? நான் உடுப்பிட்டியான். கடற்கரைப் பக்கம் வளந்தவன். மீனைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்."

"அப்ப இண்டைக்குக் கண்ணைத் திறந்து சாப்பிட்டிருக்கலாம்."

அவன் மேசையில் சாய்த்து வைத்திருந்த இன்னொரு போனை எடுத்து ஒளிபரப்பை நிறுத்தினான். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது... நடந்தது அத்தனையும் லைவில் போயிருக்கிறது. குடாநாடு முழுக்கச் சுற்றி, எந்தக் கடையில் நல்ல சான்ட்விச் கிடைக்கும் என்று வீடியோ போடுகிற சயந்தன் இவன்தான்.

அன்று பின்னேரமே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மற்ற நாளில் மீன் சான்ட்விச் விற்றாலும் வெள்ளியில் சுத்த சைவம் என்பதுதான் அந்தக் கடைக்கு இருந்த நல்ல பெயர். வியாழன் பின்னேரமே மீன் வெட்டிய கத்தி, பலகை, சட்டி எல்லாம் மேல் தட்டுக்கு ஏறிவிடும். வெள்ளிக்கென்று வேறு கத்தி, வேறு சட்டி. விரதகாரர்கள் நம்பி வந்தது அதற்காகத்தான். அந்த நம்பிக்கை போனால் கடையும் போகும்.

அப்பா தியாகலிங்கம் வெங்காயத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்து கால் கூடக் கழுவவில்லை. மகள் கடை தொடங்கிய நாளிலிருந்து அதன் வாசற்படியை மிதிக்காத மனிதர்.

"வந்த சனத்துக்குச் சோறு போட்ட வீடு எங்கடை வீடு. வித்த வீடில்லை. சொன்னனான், நீ கேக்கேல்லை," என்றார். "சனத்திட்டை ஒரு மன்னிப்புக் கேட்டிட்டுக் கடையைப் பூட்டு, பிள்ளை. கனடாவிலையிருந்து ஒரு சம்பந்தம் கதைபடுது. உந்தக் கதை அங்கை போகக்கூடாது."

"செய்யாததுக்கு மன்னிப்புக் கேட்டா, செய்த மாதிரித்தான் அப்பா."

"அப்ப என்ன செய்யப் போறாய்?"

"நாளைக்குக் கடை திறப்பன்."

திறந்தாள். ஆட்கள் வரவில்லை. மறுநாளும் திறந்தாள். அழுகை வந்தது, அதற்கு நேரம் கொடுக்காமல் சின்ன வெங்காயம் உரித்தாள். வெங்காயத்தின் தலையில் பழியைப் போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம் என்பது அந்தத் தொழிலில் உள்ள ஒரு வசதி.

செவ்வாய்க்கிழமை மழை அடித்துக் கொட்டியது... வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தொப்பலாக நனைந்தபடி சயந்தன் உள்ளே வந்தான். இமைகளில் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு வேறென்னவோவும் வந்தது... அதனால் கோபம் இன்னும் கூடியது.

அவள் ஒரு துவாயை எடுத்து நீட்டினாள். "நிலம் நனையுது. துடையுங்கோ."

"வீடியோவைத் திருப்பிப் பாத்தனான்," என்றான் அவன், துவாயைக் கையில் வைத்துக்கொண்டே. "துப்பினது கையிலை கிடக்கு. தும்பு தும்பா... மீன் அப்பிடி இருக்காது. பிழை என்ரைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அண்டைக்கு ஊருக்கெல்லாம் கேக்கச் சொன்னனீங்கள். இண்டைக்கு மழைக்குள்ளை, ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்து வந்து சொல்லுறியள்."

"வீடியோவை அழிச்சுப்போடுறன்."

"அழிக்கக்கூடாது." அவள் குரல் உயரவில்லை; ஆனால் அவன் நிமிர்ந்து பார்த்தான். "அழிச்சா, நான் வந்து கெஞ்சினதாலை அழிச்சதெண்டுதான் சனம் சொல்லும். அது அங்கேயே கிடக்கட்டும். வாற வெள்ளி விடிய இஞ்சை வாங்கோ. பிலாக்காயை நீங்களே வெட்டுங்கோ, நீங்களே அவியுங்கோ. அதை லைவிலை போடுங்கோ."

"வாறன்," என்றான்.

"வராட்டி நானே உடுப்பிட்டிக்கு வருவன். பிலாக்காயோடை."

அவன் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டான். போகும்போது துவாயையும் கொண்டு போய்விட்டான். அதை அவள் கேட்கவில்லை... ஏன் கேட்கவில்லை என்று அன்றிரவு தன்னையே ஏசிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் கதவு திறக்க முதலே வாசலில் நின்றான். துவாய் தோய்த்து, மடித்து, கையில். போனை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு வீரனைப் போலக் கத்தியை எடுத்துப் பிலாக்காயைப் பிளந்தான். பிறகு கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. பால் ஒட்டி, விரலோடு விரல் ஒட்டி, கத்தியும் கையோடு ஒட்டி...

பிரியந்தினி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் கிழமை முழுக்க வராத சிரிப்பு.

"தேங்காயெண்ணெய் பூசாமல் பிலாக்காயிலை கை வைக்கிற ஆளோ, எனக்குப் பிலாக்காய் தெரியாதே எண்டு கேட்டது?"

"இதுவும் லைவிலை போகுது," என்றான் பரிதாபமாக.

"போகட்டும்."

எண்ணெய் ஊற்றி, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அலுவலுக்காகத் தொட்டதுதான். ஆனால் கடைசி விரல் பிரிந்த பிறகும் கையை எடுக்க இருவருக்கும் கொஞ்சம் மறந்துபோனது...

அவித்து உதிர்த்த பிலாக்காயை வெந்தயம், மிளகு, உள்ளி, பழப்புளி போட்டுப் பிரட்டியபோது கடை முழுக்க மீன்குழம்பு வாசம் எழுந்தது. சயந்தன் மூக்கை உறிஞ்சினான். மொறுமொறுவென்று சுட்ட ரோஸ் பாணை வெட்டி, நிறைத்து, தட்டில் வைத்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டே கடித்தான்.

"இது மீனில்லை. நான் சொன்னது பிழை. சுன்னாகத்திலை வெங்காயச் சம்பலும் முட்டையும் வைச்சுத் தாற கடைக்குப் போனனான். பருத்தித்துறையிலை கணவாய் வைச்சுத் தாற கடைக்கும் போனனான். அங்கையெல்லாம் வாயைத் திறந்து நல்லதைச் சொன்ன நான், இந்தக் கடையிலை மட்டும் ஆராயாமல் கதைச்சிட்டன். இதுதான் நான் சாப்பிட்டதிலை நல்லது. மன்னிப்புக்காகச் சொல்லேல்லை."

அன்று வந்தது மகாதேவி ரீச்சர் ஒருவர்தான். சட்டியை எட்டிப் பார்த்தார், பிலாக்காய்த் தோலைத் தொட்டுப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். "அண்டைக்குப் பாதியிலை விட்டனான், பிள்ளை. முழுசாத் தா."

அடுத்த வெள்ளி இன்னும் சிலர் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளி உட்கார வாங்குகள் போதவில்லை. சயந்தன் மட்டும் எல்லா வெள்ளியும் வந்தான், உடுப்பிட்டியிலிருந்து, விடிய முதல். வீடியோ எடுக்கவில்லை. கையில் எண்ணெய் பூசிக்கொண்டு பிலாக்காய் வெட்டினான். மனதில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே அளவில் இருந்தது.

அப்படியொரு வெள்ளியில்தான் தியாகலிங்கம் குடையோடு வந்து வாசலில் நின்றார். படியை மிதிக்கவில்லை.

"கனடாப் பகுதி ஓமெண்டிட்டினம், பிள்ளை," என்றார் தணிந்த குரலில். "கடையை மட்டும் விடோணுமாம்."

"அப்ப வேண்டாமெண்டு சொல்லுங்கோ, அப்பா."

"கடை வைச்ச பெட்டையை வேறை ஆர் கட்டுவினம்?"

பிரியந்தினி திரும்பிப் பார்த்தாள். மூலையில் எண்ணெய்க் கையோடு, தலையில் பிலாத்தும்போடு, குனிந்து வெட்டிக்கொண்டிருந்தான் அவன். நெஞ்சு படபடத்தது. படபடத்தால் படபடக்கட்டும்.

"உவர் கட்டுவார்."

கத்தி நின்றது.

"உவரைக் கேட்டனியே?" என்றார் அப்பா.

"இப்பத்தான் கேக்கிறன்."

சயந்தன் எழுந்தான். கையைக் கட்டுவதா விடுவதா என்று தெரியாமல், எண்ணெய் வடிய வடிய நின்றான்.

"ஓம், ஐயா. கட்டுறன். கடை இப்பிடியே இருக்கட்டும். நான்தான் இஞ்சை வருவன்."

தியாகலிங்கம் மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கடை நிறைய இருந்த சனத்தைப் பார்த்தார். மழை அவர் குடையில் தட்டிக்கொண்டே இருந்தது. மகள் கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில் அவர்தான் குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறி, மகாதேவி ரீச்சருக்குப் பக்கத்து வாங்கில் போய் இருந்தார்.

"எனக்கும் ஒண்டு வை," என்றார். "உறைப்புக் கூடப் போடாதை."

அவள் பாண் வெட்டத் திரும்பினாள். கண் மறைத்தது. இந்த முறை வெங்காயம் பக்கத்தில் இல்லை. சயந்தன் மெல்ல வந்து அருகில் நின்றான்.

"ஒண்டு சொல்லோணும்," என்றான் அவள் காதுக்கு மட்டும். "அண்டைக்கு முதல் கடி கடிக்கேக்கை... உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். வாயிலை என்ன கிடக்கெண்டே எனக்குத் தெரியேல்லை. மீனெண்டா மீன், பிலாக்காயெண்டா பிலாக்காய். அண்டையிலையிருந்து அப்பிடித்தான்..."

அவள் கன்னம் சிவந்தது. ஆனால் கத்தி நிற்கவில்லை.

"அதையும் அந்த வீடியோவுக்குக் கீழை போடுங்கோ," என்றாள் பிரியந்தினி. "ஊருக்கெல்லாம் கேக்க."