மழை நாளில் ஜன்னல் துடைக்க வந்தவள்

அவனுக்கு நெடுநாளாய் ஒரு பழக்கம் உண்டு. காலையில் தேநீர்க் குவளையை வலக்கையில் ஏந்திக்கொள்வான்; கைப்பேசியை இடக்கையில் பிடித்துக்கொள்வான். முந்தின நாள் தான் வரைந்த செயலித் திரைகளை ஒவ்வொன்றாய்த் திறந்து, இடது கட்டைவிரல் ஒன்றினாலேயே மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பான். தேநீர் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. விரல் ஓரிடத்திலும் தடுமாறக் கூடாது. தடுமாறினால் அந்தத் திரை தேர்வில் தவறிவிட்டது என்று பொருள். மறுபடி வரைவான். அலுவலகத்தில் அவனுக்குக் 'கட்டைவிரல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

நிறுவனம் அவனுடைய அக்காவின் கணவருக்குச் சொந்தம். வீடு கூட்ட, பாத்திரம் துலக்க, துணி மடிக்க, ஜன்னல் துடைக்க... எந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றாலும் கைப்பேசியில் தொட்டால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வாசலில் நிற்கும். அந்தச் செயலியை வடிவமைத்தவன் அவனே. வாசலை அடைந்த பணியாளர் தம் கைப்பேசியில் 'வந்துவிட்டேன்' என்ற பொத்தானை வலப்பக்கம் இழுத்துவிட வேண்டும். நேரம் கடந்தால் ஒரு கரும்புள்ளி. ஒரே மாதத்தில் மூன்று கரும்புள்ளி சேர்ந்தால், பெயருக்கு அருகில் ஒளிரும் பச்சை நட்சத்திரம் அணைந்துவிடும். நட்சத்திரம் உள்ளவர்களை மட்டுமே ஒரு வீட்டார் 'இவரையே அனுப்புங்கள்' என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மழைக்காலம் வந்ததும் கரும்புள்ளிகள் மளமளவென்று பெருகின. அவன் கணக்கைப் பார்த்தான். ஒரு நிமிடம் யோசித்தான். பணியாளர் அனைவருக்கும் இரண்டு வரி எழுதி அனுப்பினான். 'மழையைச் சாக்காக்க வேண்டாம். நேரத்துக்கு வருபவரே நம்மவர்.' வரிகள் கச்சிதமாய் அமைந்துவிட்ட மகிழ்ச்சியில் அன்று அவனுக்கு இன்னொரு குவளைத் தேநீர் கூடுதலாய் இறங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வீட்டிலிருந்தபடியே புதிய முன்பதிவுத் திரையைக் கட்டைவிரலால் சோதித்துக்கொண்டிருந்தான். பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட வேலையைத் தொட்டான். தன் வீட்டு முகவரியையே இட்டான். 'அனுப்பு' என்பதை அழுத்தினான். திரை வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு ஓடியது. சோதனைக்கென்று தனியே இருந்த பதிவேட்டுக்கு மாற்றிக்கொள்ள மறந்து, உண்மையான பதிவேட்டிலேயே உலவிக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் அவனுக்கு உறைக்கவில்லை.

சற்று நேரம் கழித்து வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தான். தலை முதல் கால் வரை நனைந்த ஒருத்தி, தோளில் ஒரு பை, கையில் நீளக் கைப்பிடி வைத்த துடைப்பான், மறு கையில் கைப்பேசி. அவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கைப்பேசித் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல ஒரு துண்டு குடுங்க சார்... வணக்கம் அப்புறம் சொல்றேன்."

அவன் உள்ளே ஓடி, கைக்கு அகப்பட்ட துண்டைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் விரலைத் துடைத்தாள், திரையைத் துடைத்தாள், பொத்தானை இழுத்தாள். அதற்குள் கூந்தலிலிருந்து இன்னொரு சொட்டு திரையில் விழுந்தது. பொத்தான் பாதி வழி போய்த் திரும்பி வந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி திரும்பியது. பிறகு பொத்தான் சாம்பல் நிறமாகி, 'தாமதம்' என்று ஒரு சொல்லைக் காட்டி அமைதியானது.

"போச்சு! நாலு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன். வாசல்ல நின்னு இந்தச் சனியனோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

அப்போதுதான் நிமிர்ந்தாள். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றது. அதன் பின்னே இரண்டு கண்கள்... கோபமும் சிரிப்பும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதை அவன் அன்றுதான் கண்டான்.

"நீங்க... எதுக்கு வந்திருக்கீங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க! ஜன்னல் துடைக்கக் கூப்பிட்டீங்கல்ல? கொட்டுற மழையில ஜன்னல் துடைக்கக் கூப்பிட்ட மகராசன் யாருன்னு பார்க்கத்தான் இவ்வளவு வேகமா ஓடி வந்தேன்."

அவனுக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. முகம் வெளிறியது. "மன்னிச்சிடுங்க... அது சும்மா ஒரு சோதனை. நான் அந்தக் கம்பெனியிலதான் வேலை செய்யறேன். தவறுதலா..."

"சோதனையா?" அவள் துண்டை நிதானமாய் மடித்தாள். "சரிதான். சோதனை எனக்குத்தான் வந்திருக்கு. இது மூணாவது கரும்புள்ளி சார். மூணுமே மழையில விழுந்தது."

"நட்சத்திரம் போயிடுமா?"

"போனா எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. ஒரு அம்மா இருக்காங்க, பார்வை கிடையாது. தனியா இருக்காங்க. வாரம் ரெண்டு நாள் அவங்க வீட்டுக்குப் போறேன். உப்பு எங்க, சர்க்கரை எங்க, மாத்திரை எங்க... ஒவ்வொண்ணையும் துடைச்சுட்டு எடுத்த இடத்துலயே வைக்கணும். ஒரு விரல்கடை தள்ளி வச்சாலும் அவங்க கை வெறும் காத்தைத் துழாவும். நட்சத்திரம் போச்சுன்னா நாளைக்கு வேற யாரோ போவாங்க. அவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

அவளே தொடர்ந்தாள். "மழையைச் சாக்காக்க வேண்டாமாம்! அதை எழுதின புண்ணியவான் மட்டும் என் கையில கிடைச்சா..."

"கிடைச்சா?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். ஒரு கதை சொல்லுவேன். ஒரு மீன், தண்ணிக்கு அடியில அழகா வீடு கட்டிச்சாம். மானை விருந்துக்குக் கூப்பிட்டுச்சாம். மான் கரையில நின்னு, வாசல் எந்தப் பக்கம்னு கேட்டுச்சாம். மீன் சொல்லிச்சாம், 'மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குதி, அவ்வளவுதானே!' மான் வரலைன்னதும், சோம்பேறி மான்னு ஊர் பூராச் சொல்லிச்சாம்." அவள் பெருமூச்சு விட்டாள். "யார் சார் அதை எழுதினது? உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கண்களில் தன் உருவம் மீனாகிவிடுமே என்ற அச்சம் முந்திக்கொண்டது.

"தெரியலீங்க... மேல இருக்கறவங்க யாராவது எழுதியிருப்பாங்க."

அவன் வேண்டாமென்று எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை. வந்த வேலையை முடிக்காமல் திரும்புவது அவளுக்கு வழக்கமில்லையாம். உள்பக்கக் கண்ணாடியை மூலை மூலையாய்த் துடைத்தாள். வெளிப்பக்கத்தை மழை பார்த்துக்கொள்ளும் என்றாள். அவன் தந்த தேநீரை நின்றபடியே குடித்தாள். துண்டைத் துவைத்துத் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு அவள் போன பின், ஜன்னலருகே நின்று பார்த்தான். தெருக்கோடியில் ஒரு சிறு உருவம், தலைமேல் பையைப் பிடித்தபடி, தேங்கிய மழைநீரைத் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டில் அந்த ஜன்னல் வழியே அவ்வளவு தெளிவாய் எதையும் அவன் பார்த்ததில்லை. அன்றைய தேநீர் குவளையிலேயே ஆறிப்போயிற்று.

திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கூட வேலை செய்யும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஜன்னல்காரி' என்பதை வரவேற்பறையில் கேட்டறிந்தான். அவளைத் தன் மேசைக்கு அழைத்துவந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"கவலைப்படாதீங்க. உங்க மூணு புள்ளியையும் நான் அழிச்சிடறேன். யாருக்கும் தெரியாது."

அவள் அவனை வியப்போடு பார்த்தாள். "எனக்கு மட்டுமா?"

"ஆமா... உங்களுக்கு மட்டும்."

"என்னோட மழையில நனைஞ்ச மத்தவங்களுக்கு? பாதி ஜன்னல் துடைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது சார்."

அந்நேரம் பார்த்து அக்காவின் கணவர் அறையிலிருந்து வெளியே வந்தார். நல்ல மனிதர், ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லாதவர். "என்னம்மா, தாமதப் புகாரா? நம்ம மாப்பிள்ளை அனுப்பின செய்தியைப் படிக்கலையா? 'நேரத்துக்கு வருபவரே நம்மவர்'... என்ன அருமையா எழுதியிருக்கான் பாரு!" என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டுப் போனார்.

அவள் கத்தவில்லை. சிரிக்கவும் இல்லை. கண்களில் குடியிருந்த இரண்டும் ஒருசேர வெளியேறிவிட்டன.

"துண்டு குடுத்த கையும் அதை எழுதின கையும் ஒண்ணுதானா?" என்று மெல்லக் கேட்டாள். "எழுதினதுகூடப் பரவாயில்ல சார். தெரியாதுன்னு சொன்னீங்களே... அதான்."

போய்விட்டாள்.

மறுநாள் அலுவலகத் தொலைபேசியை அவன் எடுக்க நேர்ந்தது. நிதானமான ஒரு பெண்குரல். "எனக்குக் கண் தெரியாதுங்க. இன்னிக்கு வந்த பொண்ணு நல்ல பொண்ணுதான், பளிச்சுனு துடைச்சிருக்காளாம். ஆனா என் வீட்டுல என் கைக்கு ஒண்ணுமே அகப்படல. என் வீட்டுலயே நான் விருந்தாளியா உட்கார்ந்திருக்கேன். பழைய பொண்ணை அனுப்ப மாட்டீங்களா?"

அவன் தொலைபேசியை வைத்தான். தன் கட்டைவிரலைப் பார்த்தான். உலர்ந்த விரல். கூரைக்குக் கீழே, சூடான தேநீருக்குப் பக்கத்தில் வளர்ந்த விரல். அது இதுவரை எத்தனை கைகளுக்குத் தேர்வு வைத்து, எத்தனை பேரைத் தவறச் செய்திருக்கிறது!

அந்த வாரம் முழுவதும் மழை பெய்தபோதெல்லாம் அவன் மொட்டை மாடியில் நின்று, நனைந்த விரலால் கைப்பேசிப் பொத்தானை இழுத்துப் பார்த்தான். "தம்பிக்கு மூளை குழம்பிடுச்சு" என்று அக்கா தும்மலுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் மேசை நடுவே ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தான்.

"என்னடா மாப்பிள்ளை இது? மீன் வளர்க்கப் போறியா?"

"மீன் ஏற்கெனவே இருக்கு மாமா. நீங்க கையை முக்குங்க. முக்கிட்டு 'வந்துவிட்டேன்' பொத்தானை இழுங்க."

சிரித்துக்கொண்டே முக்கினார். ஒரு முறை இழுத்தார், இரண்டு முறை, ஆறு முறை. சிரிப்பு மெல்ல வடிந்தது. பதினோராவது முறை கைப்பேசியையே முறைத்தார்.

"நம்ம ஆளுங்க கை எப்பவும் ஈரம் மாமா. மழையில மட்டும் இல்ல, பாத்திரம் துலக்கினாலும் ஈரம்தான். நான் அதை ஒரு நாள்கூட நினைச்சுப் பார்க்கல. தப்புப் பண்ணினது நான். சோம்பேறின்னு பேர் வாங்கினது அவங்க."

"எல்லாம் சரி... அடுத்த வாரம் புதுப் பதிப்பு வெளியிடணுமே?"

"ஒரு வாரம் தள்ளிப் போகட்டும். இல்லேன்னா என் பேரை எடுத்துட்டு வெளியிடுங்க."

மாமா ஈரக் கையை உதறிக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தார். "முறைப்பைப் பாரு, அப்படியே உங்க அக்கா! சரி... போய்ச் செய்."

அந்த மாதத்தின் மழை நாள் கரும்புள்ளிகள் அத்தனையும், எல்லாருடையதும், அழிந்தன. திரையைத் தொடவே வேண்டாம். கைப்பேசியின் ஓரத்தில் ஒலியைக் கூட்டும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் போதும் என்று புது வழி வந்தது. பணியாளர் அனைவருக்கும் ஒரு செய்தி போயிற்று. இம்முறை அது கச்சிதமாய் இல்லை. 'மழையைச் சாக்காக்க வேண்டாம் என்று எழுதியவன் நான்தான். தவறு உங்கள் கைகளில் இல்லை, என் கையில் இருந்தது. கேட்காமல் பழி போட்டேன். மன்னியுங்கள். இப்படிக்கு, இந்தத் திரைகளை வரைந்தவன்.'

புதுப் பதிப்பு வந்ததற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. அதே மழை. பார்வையில்லாத அம்மாவின் வீட்டு வாசற்படியில், குடையை மறந்துவிட்டு வந்த கோலத்தில் அவன் நின்றிருந்தான். நேரில் மன்னிப்புக் கேட்க வந்தவனை, "இதை என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அவளும் வரட்டும், அங்கேயே நில்லுங்க" என்று அந்த அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டிருந்தார்.

நட்சத்திரம் திரும்பக் கிடைத்த பின் முதல் முறையாய் அவள் அங்கே வந்தாள். அவனைப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்த விரலால் கைப்பேசியின் ஓரத்தை இரண்டு முறை அழுத்தினாள். திரையில் பச்சை வெளிச்சம் பூத்தது: 'வந்துவிட்டேன்.'

"வேலை செய்யுது" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

"செய்தி... படிச்சீங்களா?"

"படிச்சேன். நாலு தடவை. போன தடவை மாதிரி எதுகை மோனை எல்லாம் இல்லை."

"உண்மையை எழுதினேன். அதான்." மூச்சை இழுத்துக்கொண்டான். "உங்ககிட்ட இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னது வேலைக்குப் பயந்து இல்ல. உங்க கண்ணுல... நான் மீனாயிடுவேனோன்னு பயந்து. நான்தாங்க அந்த மீன். ஆனா... இப்போ மீனுக்குக் கரையேறணும்னு ஆசையா இருக்கு."

அவள் இமையில் அதே துளி. இம்முறை அது தயங்கவில்லை, விழுந்தது. போனவர்கள் இருவரும் மெல்ல வீடு திரும்பினார்கள். முதலில் கோபம், அதன் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு.

"கரைக்கு வந்தா மூச்சு முட்டுமே?"

"முட்டினா... நீங்க துண்டு குடுப்பீங்கல்ல?"

அவள் பையைத் திறந்தாள். அன்று அவன் கொடுத்த துண்டு, துவைத்து நான்காய் மடித்து, மழை படாமல் ஓர் உறைக்குள் இருந்தது. எடுத்து நீட்டினாள். "முதல்ல தலையைத் துடைங்க. இன்னொரு தடவை எதையாவது மறைச்சீங்கன்னா... திருப்பி வாங்கிக்குவேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாசல்ல ரெண்டு பேர் பேசாம நிக்கறது நல்லா கேக்குது! உள்ள வாங்க. கலைச்சது யாரோ, அவரே அடுக்கட்டும்."

அவன் சமையலறை அலமாரி முன் நின்றான். அவள் சொன்னபடியே கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"உப்பு, இடது ஓரம். இன்னும் ஒரு விரல்கடை உள்ள... சர்க்கரை அதுக்குப் பக்கத்துல இல்ல, ஒரு சாண் தள்ளி. மாத்திரை டப்பா, மேல் தட்டு, வலது மூலை."

ஒவ்வொன்றாய்த் தடவித் தடவி வைத்தான். இரண்டு முறை தவறியது. இரண்டு முறையும் ஈரக் கை ஒன்று அவன் மணிக்கட்டைப் பற்றிச் சரியான இடத்துக்கு நகர்த்தியது. எல்லாம் முடிந்ததும் அந்த அம்மா வந்தார், கையை நீட்டினார். முதல் நீட்டலிலேயே உப்பு ஜாடி கைக்கு அகப்பட்டது.

"இருக்கு" என்றார்.