தர்லோவுக்கு மாற்று ஆள்

மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்த லொரீனாவின் தலைக்கு மேல் குண்டு பல்பு எரிந்தது. எரியவே கூடாத பல்பு. நேற்று கணவன் எல்மர் ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்ததும், மலை ஊற்றின் வால்வை அவள்தான் போய் மூடிவிட்டு வந்தாள். தண்ணீர் விழாமல் பவர்ஹவுஸ் சக்கரம் சுற்றாது, கரண்டு வராது.

"எல்மர், லைட்டு எரியுது."

"ரொட்டி மாவுன்னா இரும்பாட்டம் இறுக்குவே. வால்வை மட்டும் லூசா விட்டுட்டு வந்திருப்பே," என்று கட்டிலிலிருந்து கிண்டல் வந்தது.

உள்ளங்கைத் தோல் உரியும்வரை இறுக்கியிருந்தாள். ஜன்னல் வழியே பார்த்தாள். அந்தி மணலுக்கு அப்பால், கோட்டை மாதிரி சதுரக் கோபுரத்தோடு பவர்ஹவுஸ் நின்றது. காட்டாற்று வெள்ளத்துக்கும் அசையக் கூடாதென்று பண்ணை முதலாளி முழங்கை நீளக் கனத்தில் சுவர் எழுப்பச் சொன்னார். கான்கிரீட் கொட்டும்போது தர்லோ என்ற ஆள் பலகைகளுக்கு நடுவே வழுக்கி விழுந்தான். நிறுத்தினால் சுவர் அந்த இடத்தில் விரிசல் விடும் என்றார் முதலாளி. யாரும் நிறுத்தவில்லை, பாவிகள். அவன் சுவரோடு சுவராகப் புதைந்தான். துப்பினால் தரையைத் தொடுமுன் காய்கிற இந்த ஊரில் அந்தத் தெற்குச் சுவர் மட்டும் இன்னும் ஈரமாகவே இருக்கிறது.

பல்பு மங்கி எரிந்தது. மறுபடி மங்கி எரிந்தது.

பவர்ஹவுஸுக்கு டெலிபோன் கிடையாது. அங்கே வேலை பார்ப்பவன் விளக்கை இருமுறை மங்க வைத்தால், 'என் வேலை முடிந்தது, மாற்று ஆளை அனுப்பு, சாப்பிட வருகிறேன்' என்று அர்த்தம். அடுப்படி விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டால், 'ஆள் புறப்பட்டாச்சு.' வருஷக்கணக்கான பழக்கம். யோசிக்கும் முன்பே அவள் கை சுவிட்சைத் தட்டிவிட்டது.

"லொரீனா, என்ன பண்ணே?"

"கை தானா போயிடுச்சு."

"அங்க யாருமே இல்லையே! யாரை அனுப்புறேன்னு சொன்னே?" எல்மர் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான்.

இந்த வீட்டில் இருக்கும் ஒரே மாற்று ஆள் அவன்தான். லாரி சனிக்கிழமைதான் வரும். சுற்றுவட்டாரத்தில் வேறு வீடே இல்லை.

வாசலில் சேறு வழிக்கும் இரும்புப் பட்டையில் யாரோ பூட்ஸைத் தேய்த்தார்கள். பண்ணை ஆட்கள் சாப்பிட வருமுன் தேய்ப்பது போலவே, பொறுமையாக. உதிர்ந்தது மண் இல்லை. சொத், சொத்தென்று எதுவோ விழுந்தது. ஈர சிமெண்டு வாடை.

கதவு திறந்தது.

ஆள் உருவம், சாம்பல் நிறம். கண் இருக்க வேண்டிய இடத்தில் பூசிவிட்ட வழவழப்பு. எல்மரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

எல்மர் எழுந்தான்.

கட்டுப்போட்ட கால் பக்கவாட்டில் மடங்கியது. அதையே ஊன்றி நடந்தான். அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான். கண்ணீர் மட்டும் வழிந்தது.

"நான் நடக்கலடி. நடக்க வைக்குது. விட்டுடாதே."

பிடி நழுவியது. வெளியே, பவர்ஹவுஸ் பக்கம் போனான். கதவு சாத்திக்கொண்டது. வாசற்படியில் அது விட்டுவந்த ஈரத் தடங்கள் இறுகிக் கதவைக் கவ்விக்கொண்டன. உதைத்தாள். அசையவில்லை.

பல்பு இருமுறை மங்கியது.

எல்மர்.

"நான் வர்றேன், எல்மர்! நான் வர்றேன்!" சுவிட்சுக்கு ஓடினாள். அதன்மேல், நாற்காலியிலிருந்து நீண்ட அந்தச் சாம்பல் கை படிந்திருந்தது. பிறாண்டினாள். நகம் பிய்ந்தது. கை எப்போதோ இறுகிக் கல்லாகியிருந்தது.

தலைக்கு மேல் பல்பு மங்கியது, எரிந்தது. மங்கியது, எரிந்தது.