முகம் கொடுத்து வாங்கிய எழுத்து

பள்ளி மணி அடித்ததும் வாசலில் நின்ற பெற்றோர் எல்லாரும் தலையைச் சற்றே தாழ்த்திக்கொண்டார்கள். பிள்ளைகளின் முகத்தால் அவர்களுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. நெஞ்சைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சட்டையிலும் ஒரு மஞ்சள் பட்டை. அதில் கறுப்பு எழுத்தில் பெயர்.

தேசிங்கு வாசித்துக்கொண்டே நின்றான். ஹரிணி. சந்தோஷ். மும்தாஜ். பூவிழி.

"வா" என்று கையை நீட்டினான்.

"அப்பா, இன்னிக்கு சீக்கிரமா கண்டுபுடிச்சுட்டியே!" என்றாள் மகள். குரலைக் கேட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு சீரானது. குரல் மட்டும் தப்பியிருந்தது. பேசினால் யாரென்று தெரியும்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா பேரனைத் தேடிக்கொண்டே சிரித்தாள். "நேத்து கூத்தைக் கேளு தேசிங்கு. எம்புருசன் சட்டைய எங்கொழுந்தன் மாட்டிகினு வந்துட்டான். பட்டையப் பார்த்துட்டு நான் பாட்டுக்குத் திட்டிகினே கீறேன். கட்டையில போறவன், வாயத் தொறக்காம நின்னு கேட்டுகினு இருந்தான்பா!"

எண்ணூரில் இப்படியான கதைகள் வீட்டுக்கு ஒன்று உண்டு. சொல்லிச் சிரிப்பார்கள். வேறு என்ன செய்வது?

சம எழுத்துத் திட்டம் வந்தபோது ஊரே கொண்டாடியது. பள்ளிக்குப் போகாதவர், போய் பாதியில் நின்றவர், யாராக இருந்தாலும் எழுத்தேற்றிக் கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு சில நாட்கள் உட்கார்ந்தால் போதும். எழுத்து வந்துவிடும். இலவசம்.

துறைமுகச் சரக்குத் திடலில் கண்டெய்னர்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலை தேசிங்குக்கு. வேலை உத்தரவுகள் திரைக்கு மாறியதும், வாசிக்கத் தெரியாதவனுக்கு உள்ளே இடமில்லை என்றார்கள். அவன் மையத்துக்குப் போனான். நாற்காலிக்கு எதிரே சுவரில் பெரிய பலகை ஒன்று இருந்தது. அவனுக்கு அது வெறும் கோடும் சுழியும். கடைசி நாள் கவசத்தைக் கழற்றியபோது அந்தக் கோடுகள் தாமாகவே பேசின. அவன் வாழ்க்கையில் முதன்முதலாக வாசித்த வாக்கியம் அதுதான்.

'இச்சிகிச்சைக்குப் பின் முகங்களை அடையாளம் காணும் திறன் இழக்கப்படலாம்.'

"இது முன்னாடியே இங்கதான் இருந்துச்சா?" என்று கேட்டான்.

"எப்பவும் இங்கதான் இருக்குது. எல்லாரும் பார்க்கிற மாதிரிதானே வெச்சிருக்கோம்" என்றார் மையத்து ஊழியர். அவர் பொய் சொல்லவில்லை.

காரணத்தைப் பிறகு செய்தியில் விளக்கினார்கள். மூளையில் எழுத்துக்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. முகங்கள் குடியிருக்கும் இடத்தில்தான் எழுத்தும் வந்து ஒண்டுகிறது. சிறு வயதில், வருடக்கணக்கில் மெல்லக் கற்றால் முகங்கள் நகர்ந்து இடம் கொடுக்கும். எழுத்தேற்றிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அது முகங்களைக் காலி செய்துவிட்டு எழுத்தைக் குடிவைக்கிறது.

அதற்குள் பாதி ஊர் உட்கார்ந்து எழுந்துவிட்டது. அரசு நிவாரணமாகப் பெயர்ப்பட்டை கொடுத்தது.

தேசிங்கின் மனைவி அஞ்சலை இறந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம் அது. துறைமுகத் தெருவில் மகளைப் பார்க்கிற எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். "அப்படியே அஞ்சலை மூஞ்சி." அவனும் தினமும் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான். அன்று மையத்திலிருந்து வந்து கதவைத் திறந்தான். ஒரு சிறுமி இருந்தாள். கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. சேர்த்துப் பார்த்தால் யாருமில்லை.

அழுகை வரவில்லை. சோறு வடித்தான்.

*

வகுப்பு மேற்பார்வையாளர் ஸ்டெல்லா மேரி பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்: "பொங்கல் லீவு முடிஞ்சதும் இரண்டாம் வகுப்புக்கு எழுத்தேற்றி. எல்லாப் பிள்ளைங்களையும் காலையில சாப்பிட வெச்சு அனுப்புங்க."

"கையால எழுதிச் சொல்லித்தர டீச்சர் யாரும் இல்லீங்களா?" என்று கேட்டான் தேசிங்கு.

"அந்த வேலையே இப்போ இல்லையே சார். எல்லாருக்கும் ஒரே வேகத்துல எழுத்து வரணும், அதுதான் சமத்துவம்."

அந்த நேரம் பார்த்துத் தனியார் பள்ளிப் பேருந்து ஒன்று தெருவைக் கடந்தது. ஜன்னல் ஓரத்துப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இன்னும் சிலேட்டும் டீச்சரும் உண்டு. வருடக்கணக்கில் மெல்லச் சொல்லித் தருகிறார்கள். எந்தச் சட்டையிலும் பட்டை இல்லை. ஒருவர் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துகொள்ள இப்போது உடையையோ பேச்சையோ கவனிக்க வேண்டியதில்லை. பட்டை இல்லாதவரைக் கண்டால் துறைமுகத் தெரு தானாக ஒதுங்கி வழிவிடும்.

திட்டத்தின் விதிகளில் ஒரு வரி இருந்தது. ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தேற்றி தேவையில்லை. அந்த வரி இந்தத் தெருவுக்காக எழுதப்பட்டதல்ல. தேசிங்கு அதை இரண்டு முறை வாசித்தான். வாசிக்கத்தான் தெரியுமே.

அன்று மாலையே அடுப்புக்கரியை எடுத்து வீட்டுச் சுவரில் 'ட' எழுதினான். எழுதுவதற்குச் சுலபமாகத் தெரிந்தது. எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. திடலில் பார்த்த சொற்களை எழுதினான். பாரம். கம்பி. ஆபத்து. பூவிழி ஒவ்வொன்றாகத் தடவித் தடவிச் சொன்னாள். மறந்தாள். மறுநாள் மறுபடி.

"உன்ன மாதிரி கவசம் மாட்டினா ஒரே வாரத்துல வந்துடும்பா."

"வரும்."

"அப்புறம் ஏன் இப்பிடி இழுத்துகினு கீற?"

அவன் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். யாரோ ஒருவரின் கல்யாணத்தில் தெருக்காரர்கள் கூட்டமாக நின்று எடுத்த படம். "இதுல அம்மா யாரு?"

பூவிழி சற்றும் யோசிக்கவில்லை. விரலை வைத்தாள். "இதோ. உன் பக்கத்துல நிக்குது பாரு."

அவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்த ஊட்ல உனக்கு மட்டும்தான் தெரியும்" என்றான். "அதான்."

அதற்குப் பிறகு அவள் கவசம் பற்றிப் பேசவில்லை. பொங்கல் வந்தபோது சுவரில் வெள்ளையான இடமே இல்லை.

*

லீவு முடிந்த முதல் நாள். தேசிங்கு கேட்டுக்கொண்டபடி, கவசம் மாட்டும் முன் ஸ்டெல்லா மேரி ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி நீட்ட, பூவிழி திக்கித் திணறி அதை முடித்துவிட்டாள். வகுப்பே வாய் பிளந்தது.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"எங்கப்பா."

மேற்பார்வையாளர் விதிகளைத் திறந்து அந்த வரியைச் சரிபார்த்தார். பிறகு குனிந்து அவள் சட்டையிலிருந்த மஞ்சள் பட்டையைக் கழற்றினார். பிள்ளைகளின் பட்டை எழுத்தேற்றி ஏறும் வரைக்கும் கொடுக்கப்படும் தற்காலிகப் பட்டை. ஏறியவர்களுக்கு நிரந்தரமானது வரும். இவளுக்கு இனி இரண்டும் இல்லை. "உனக்கு இது வேணாம்மா. இனிமே நீ பஸ்ல போற பசங்க மாதிரி."

பூவிழிக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவிடம் வாயால் சொல்லக்கூடாது, அவரே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று முடிவு செய்தாள்.

மணி அடித்தது. தேசிங்கு தலையைத் தாழ்த்தி வாசிக்கத் தொடங்கினான். ஹரிணி. சந்தோஷ். மும்தாஜ். எண்ணெய் வைத்துப் பின்னிய தலைகள், எல்லாப் பள்ளிக்கும் பொதுவான நீலச் சீருடை. பட்டைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. கன்னியம்மா பேரனைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். கூட்டம் கரைந்தது. பூவிழி என்ற பெயர் வரவில்லை. பாஸாகவில்லையா? கவசத்தில் உட்கார வைத்துவிட்டார்களா?

வாசலில் ஒரு சிறுமி மட்டும் அவனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். வாயை இறுக மூடிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் சட்டையைப் பார்த்தான். பட்டை இல்லை. பஸ்ஸில் போகும் வீட்டுப் பிள்ளை. எதற்கு வந்ததோ.

அவன் தன்னையறியாமல் ஓர் அடி ஒதுங்கி வழிவிட்டான்.

"யாரைத் தேடுறீங்க பாப்பா? பஸ்ஸ உட்டுட்டீங்களா?"

சிறுமியின் சிரிப்பு சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு, எப்படி அணைவது என்று தெரியாத விளக்குபோல, மெல்ல அணைந்தது. அவள் அவன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நெஞ்சுக்கு இறங்கினாள். விரலை நீட்டி, அவன் சுவரில் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி, மஞ்சள் பட்டையில் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள்.

"தே... சி... ங்... கு."

குரல் தெரிந்தது. அவன் மண்டியிட்டு அவள் கன்னத்தைப் பிடித்து அந்த முகத்தை அருகில் இழுத்துப் பார்த்தான். தெருவே அஞ்சலை என்று சொல்லும் முகம்.

கண் இருந்தது. மூக்கு இருந்தது. வாய் நடுங்கிக்கொண்டிருந்தது.