பதினோரு மணிக் கைரேகை

கைரேகை மெஷின் மெக்கானிக்குக்கு அது கடைசி வேலை. மறுநாள் காலை மனைவியோடு விமானம் ஏறி, வெளிநாட்டு வேலைக்கு ஒரேயடியாகப் போய்விடுவான். அந்தக் குஷியில் விசிலடித்தபடிதான் அந்தப் பழைய அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தான்.

நுழைந்ததும் விசில் நின்றது. அடைத்த சாக்கடையில் எலி செத்து ஊறியது போல் ஒரு வாடை.

"உங்க மெஷின்தான் தம்பி," என்றாள் குமாஸ்தா அக்கா, மூக்கைப் பொத்திக்கொண்டு. "அரசாங்கத்தைத் திட்டி எழுதின ஒருத்தர், தினம் பதினோரு மணிக்கு இங்க வந்து விரல் வைக்கணும்னு உத்தரவு. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது."

"வர்றதில்லையா?"

அக்காவின் குரல் இறங்கியது. "செத்து இருபது நாளாச்சு. இன்னும் தினமும் வந்ததாப் பதிவாகுது."

சுவரில், 'யார் காலிலும் விழ வேண்டாம். உங்கள் விரலே உங்கள் சுதந்திரம்' என்று ஒரு விளம்பரம் பல்லிளித்தது.

மெஷினின் கண்ணாடி பிசுபிசுத்தது. துடைத்தான். மஞ்சளாக ஏதோ வழிந்தது. நகத்தால் சுரண்டினான். வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது.

தோல்.

கட்டைவிரலின் தோல். சுழிசுழியாக ரேகையோடு.

அதை உதறிவிட்டு, ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தான். சோதித்துப் பார்க்கப் பையில் ரப்பர் விரல் உண்டு. அதைத் தேடி எடுக்க எந்த மெக்கானிக்குக்குப் பொறுமை இருக்கிறது? வழக்கம்போல் தன் கட்டைவிரலையே வைத்தான்.

கண்ணாடி வெதுவெதுவென்று இருந்தது.

விரலை ஒருமுறை சப்பியது.

திரையில் செத்தவரின் முகம். 'வருகை பதிவானது.'

மணி பதினொன்று.

"சரியாயிடுச்சா தம்பி?"

"ஆயிடுச்சுக்கா!" ஓட்டமாக வெளியேறினான். வீட்டில் ஏழு தடவை சோப்புப் போட்டும் விரலில் வாடை போகவில்லை.

மறுநாள், விமான நிலையத்தின் தானியங்கிக் கதவு. மனைவி விரல் வைத்தாள். திறந்தது. உள்ளே போனாள். அடுத்து அவன் வைத்தான்.

திரையில் அதே செத்தவர். 'ஊரை விட்டு வெளியேற அனுமதி இல்லை.'

"ஐயா, அது நான் இல்லைங்க! என் மூஞ்சியைப் பாருங்க!"

"உன் மூஞ்சி யாருக்கு வேணும்? விரல் சொல்லிடுச்சுல்ல," என்று காவலர் அவன் தோளை அழுத்தினார்.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது.

அதன் முன்னால் ஆளே இல்லை.

அந்தத் திரையில் இவனுடைய முகம் சிரித்தது. 'பயணம் இனிதாகட்டும்.'

தடுப்புக்கு அப்பால் மனைவி திரும்பினாள். தன் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து, "வந்துட்டீங்களா?" என்று கையை நீட்டினாள். சட்டென்று முகம் சுளித்தாள்.

"ச்சீ... குளிச்சீங்களா இல்லையா?"