வெப்பத்தடை இல்லாத குரல்

காலை ஆறரைக்கு ரத்தினமூர்த்தி காபியை ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போனது. கழுத்தில் ஒட்டியிருந்த குரல்பேழையோ, "காபி அருமை. மிக்க நன்றி," என்று தேனொழுகப் பேசியது. அவர் பேழையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிச்சக் காபியைச் செம்பருத்திக்கு ஊற்றினார்.

புற்றுநோய்க்குக் குரல்வளையைப் பறிகொடுத்து எட்டு மாதம். கழுத்துத் தசையின் அசைவை எண்களாக்கி, எண்களைப் பேச்சாக்குவது பேழையின் வேலை. வில்லங்கம் அந்த எண்களில்தான். எண்களால் பேசும் எந்த இயந்திரமும் யாரையும் திட்டக்கூடாது, அலுத்துக்கொள்ளக்கூடாது என்று சட்டம். வசவு உள்ளே போனால் வாழ்த்தாக வெளியே வரும். நல்லெண்ணத்தில் போட்ட சட்டம்தான். போட்டவர்கள் யாரும் குடும்பம் நடத்தியதில்லை போலிருக்கிறது. மனிதர் பேழையைத் தொடுவதே அபூர்வமாகிவிட்டது. இப்படியே ஊமையாகிவிடுவாரோ என்று மனைவி வசந்தாமணி பயந்தாள்.

அவள் பீளமேட்டில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவள். எண்ணாக மாற்றினால்தானே திருத்துவார்கள், மின்னழுத்தமாகவே விட்டுவிட்டால் என்று யோசித்தாள். மின்சுற்று வரைபடங்களை இலவசமாகப் பகிரும் இணையக் குழு ஒன்றில், எண்ணே இல்லாமல் மின்னழுத்தத்தாலேயே ஒலி எழுப்பும் அனலாக் சின்தசைசரின் படங்கள் யாரும் எடுத்துக்கொள்ளக் கிடந்தன. அங்கே ஒரே வழக்கம்: கட்டி முடித்தவர் தன் தப்பையும் அதைச் சரிசெய்யும் வழியையும் படத்தின் அடியில் எழுதவேண்டும்.

ஞாயிறுதோறும் உட்கார்ந்து, ஒலியைப் பிறப்பிக்கும் அலையாக்கி, ஃபில்டர், ஆம்ப்ளிஃபயர் என்று தனித்தனிப் பெட்டிகளாகப் பற்றவைத்து ஒயரால் கோத்தாள். அலையாக்கியை மட்டும், தசையசைவைப் பிடிக்க அவர் கழுத்தில் கட்டும் பட்டையிலேயே வைத்தாள். மூன்று மாதத்தில் முடிந்தது.

"ஏனுங்க, ஏதாச்சும் சொல்லிப் பாருங்க."

'ம்ங்ங்' என்று ஒரு தட்டை ரீங்காரம். அவ்வளவுதான். அவர் பட்டையைக் கழற்றக் கை வைத்தார்.

"வார்த்த வராதுன்னு தெரியுமுங்க. சத்தமாச்சும் உங்களுதா இருக்கட்டும்னுதான்..." அவள் காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் பட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவளைச் சமாதானப்படுத்துகிறவராய்க் காபியை எடுத்தார். பதற்றத்தில் போட்ட காபி, வழக்கத்தைவிட மோசம். ஒரே வாய். ரீங்காரம் அடியில் தொடங்கியது, ஏறியது, ஏறிக்கொண்டே போய்க் கிறீச்சிட்டது.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. சூட்டுக்குச் சுருதி நகராமல் பிடித்து நிறுத்தும் வெப்பத்தடையைப் போடவே மறந்திருக்கிறாள். கோபத்தில் கழுத்து சூடாக, பட்டையிலுள்ள அலையாக்கியும் சூடேறிச் சுருதி எகிறுகிறது. அவர் முன்பு திட்டுவதும் அச்சு அசல் இப்படித்தான். முணுமுணுப்பில் தொடங்கிக் கிறீச்சில் முடிப்பார்.

"ஆமா, பொழுதன்னிக்கும் என்ர காபியவே கொற சொல்லுங்க!" என்று அவளும் கத்தினாள். கண்ணீர் கொட்டியது. பட்டை அதைவிடச் சத்தமாகப் பதில் சொன்னது. பிறகு கழுத்து ஆற ஆறச் சுருதி இறங்கி, ஒரு குட்டை ஒலி, ஒரு நெட்டை ஒலி என்று இரண்டே ஒலிகளில் வந்து நின்றது. "மணீ" என்று அவர் கூப்பிடுகிற அதே தாளம்.

மத்தியானம் குழுவின் படத்தடியில் எழுதினாள்: 'தப்பு: வெப்பத்தடை போட மறந்தேன்.' சரிசெய்யும் வழி என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

வாசலில் சுருதி மறுபடி ஏறத் தொடங்கியது. காபி கேட்கிறார்.

"வாரனுங்க, உசுர வாங்காதீங்க!" என்று எழுந்து ஓடினாள்.