மிதவைத் துண்டுகள்

பிரவீனனும் அவன் மனைவி சுலோஜனாவும் புங்குடுதீவுக்கு வந்து சேர்ந்தது ஒரு பழைய வான் வண்டியில். வந்தது மட்டுமல்ல, அதற்குள்ளேதான் குடியிருக்கவும் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஊரில் மிஞ்சியிருந்த சனம் வாய்விட்டுச் சிரித்தது. சிரிக்கத்தான் செய்யும். பிரவீனனின் தகப்பன் கட்டிய வீடு கடற்கரையோரத்து வளவில் கூரையில்லாமல் நின்றது. புது வீடு எழும்பும்வரை வானை அங்கேயே நிறுத்தி, உள்ளே கட்டில் அடித்து, மூலையில் ஒரு குட்டிக் குசினி வைத்து, ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம் என்பது அவன் எண்ணம். தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை அவன். கடலைப் பார்த்திருக்கிறானே தவிர, அதை நம்பி வாழ்ந்தவனல்ல.

ஆவணி வெயில் வானை அடுப்பாக்கியது. வெளித்தகரத்துக்கும் உட்பலகைக்கும் நடுவே ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைக்கட்டியை அடைத்தால் சூடு உள்ளே இறங்காது என்று அவனுக்குத் தெரியும். அதுவும் தேடிப் போகாமலே கிடைத்தது. ஒருநாள் விடியப்புறம் கரையோரம் நடந்தபோது, ஆள் நீளத்துக்கு ஒரு பெரிய ரெஜிபோம் கட்டி, கயிறு சுற்றியபடி ஒதுங்கிக் கிடந்தது. வளவுக்கு இழுத்துவந்து, கயிற்றை வெட்டி எறிந்துவிட்டு, மரம் அறுக்கும் வாளால் துண்டு துண்டாக அறுத்துச் சுவரெங்கும் அடைத்தான். அன்று அவனுக்கு இருந்த புளுகத்தையும் சந்தோசத்தையும் சொல்லி முடியாது.

ஐப்பசி மழையோடு ஒழுக்குத் தொடங்கியது. பழைய வான் ஒழுகாமல் என்ன செய்யும்? கூரைப் பொருத்துகளுக்குச் சிலிக்கன் பூசினான். யன்னல் ரப்பர்களை மாற்றினான். மேலே தறப்பாளை இழுத்துக் கட்டினான். "இனி உங்கட தலையில மட்டும்தான் பூசேல்லை" என்று சுலோஜனா பகிடி பண்ணினாள்.

பிறகு மழை நாலு நாள் விட்டது.

ஒழுக்கு விடவில்லை.

நல்ல வெயில் காய்ந்த நாளிலும், பின்னேரம் ஐந்து மணியானால் கட்டிலோரத்துப் பலகை வியர்க்கும். பிறகு ஒரு கோடாக நீர் இறங்கும். சுலோஜனா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

"கடற்காத்துக்கு எல்லாத்திலயும் உப்புப் பிடிக்கும்தானே" என்றான் பிரவீனன். காற்றில் வரும் உப்பு ஏன் சுவருக்குள்ளிருந்து இறங்குகிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள். நீரோடு அழுகிய பாசியின் மணமும் வந்தது. பலகைக்குப் பின்னால் ஒரு சுரண்டல் சத்தமும் கேட்டது. எலி என்றான் அவன். எலி என்றால் ஓட வேண்டும். இது ஒரே இடத்தில், விட்டு விட்டு, வழுக்குகிற எதையோ திரும்பத் திரும்பப் பிடிப்பது போலக் கேட்டது.

நனைந்து பழுதான மெத்தை உறைகளை மாற்றுவதற்கு பக்கத்துத் தீவின் அல்லைப்பிட்டியிலிருந்து ஜசிந்தா வந்தாள். வீடு வீடாகப் போய் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பவள். முப்பது வயதிருக்கும். அவளுடைய புருசன் ஜெனிஸ்ரன் கடலோடு போய்விட்டான் என்று ஊரே சொன்னது. அவள் மட்டும் தாலியைக் கழற்றவில்லை. கட்டிலை அளந்துகொண்டே சுலோஜனாவிடம் தானாகச் சொல்லத் தொடங்கினாள்.

"ஆவணியில நண்டு வலை போடப் போனவர் அக்கா. எங்களிட்டப் போட் இல்லை. ரெஜிபோம் மிதவையில இருந்துதான் துடுப்பு வலிச்சுக்கொண்டு போறவர்."

"தேடேல்லையோ?"

"தேடாமல்? சோளகக் காத்து அடிச்சது. மண்டைதீவுப் பக்கம்தான் இழுத்திருக்கும் எண்டு மூண்டு நாளும் அங்கயே தேடினவை. மிதவை கரையேறினால் எங்கட ஆக்கள் தொடமாட்டினம் அக்கா. கிடந்த இடத்திலயே விட்டுப்போட்டு ஓடிவந்து சொல்லுவினம். அது ஏறின கரையைப் பாத்துத்தான் ஆளை எந்தப் பக்கம் தேடுறது எண்டு முடிவெடுக்கிறது. அது மட்டும் கண்ணில பட்டிருந்தால்..." அவள் நாடாவைச் சுருட்டினாள். "ஒரு அடையாளமும் இல்லாமல் ஆத்துமப் பூசை வைக்க எனக்கு மனம் ஏவுதில்லை."

வெளியே ஏணியில் நின்று யன்னலுக்குச் சிலிக்கன் பூசிக்கொண்டிருந்த பிரவீனனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவன் கை நின்றுவிட்டது. காற்று ஒரு பக்கம் அடிக்க, நீரோட்டம் மிதவையை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. ஜெனிஸ்ரனை எங்கே தேடவேண்டும் என்று காட்டக் கிடந்த ஒரே அடையாளத்தை, சூடு படாமல் படுப்பதற்காக, அவன் அறுத்துச் சுவருக்குள் அடைத்துவிட்டான்.

உள்ளே சுரண்டல் தொடங்கியது. மணி ஐந்து.

ஜசிந்தா பலகையில் கையை வைத்தாள். ஈரம் அவள் முழங்கைவரை வடிந்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக, "இதுக்குள்ள ஆர்?"

பிரவீனன் உள்ளே வந்தான். ஆணிகளைக் கழற்றினான். பலகை விலகியதும் ஒரு வாளி அளவு கடல்நீர் அவன் காலில் கொட்டியது. பின்னால் வெள்ளைத் துண்டுகள் அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஆழமான விரல் தடங்கள். அறுத்தபோது அவை இருக்கவில்லை. இருந்திருந்தால் அவன் கண்டிருப்பான். தடங்களிலிருந்து வெள்ளைத் துகள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

ஜசிந்தா தன் விரல்களை அவற்றில் வைத்துப் பார்த்தாள். மோதிர விரலின் தடம் மட்டும் பாதியில் நின்றது.

"அவருக்குத் திருக்கை முள்ளுக் குத்தி, ஆஸ்பத்திரியில பாதி விரலை எடுத்தவை" என்றாள். "கனநேரம் பிடிச்சுக்கொண்டு கிடந்திருக்கிறார், என்ன?"

"நான்தான் தங்கச்சி எடுத்தனான்." என்றான் பிரவீனன். "ஆவணியில, உந்தக் கரையில கிடந்தது. தொடக்கூடாதெண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

அவள் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அப்படிச் செய்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டாள்.

"எடுக்கேக்க கடலில வேற ஒண்டும் காணேல்லையோ அண்ணை?"

"இல்லை."

மறுநாள் காலை அல்லைப்பிட்டியில் பூசை நடந்தது. பிரவீனன் ஒரு துண்டு விடாமல் எல்லாவற்றையும் கழற்றிச் சாக்குகளில் கட்டிக் கொண்டுபோனான். உடம்பு இல்லாத பெட்டிக்குள் அவற்றை வைத்துச் சேமக்காலையில் இறக்கினார்கள். குழி மூடியபின் ஜசிந்தா தாலியைக் கழற்றினாள். சுலோஜனா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிரவீனன் எட்டத்தில் நின்றான்.

அவன் சொன்ன 'இல்லை' பொய்யல்ல. அந்த விடியலில் அவன் கடலில் எதையும் காணவில்லை.

கேட்டான்.

மிதவையை இழுக்கத் தொடங்கியபோது, இன்னும் இருள் வெளிக்காத கடற்பக்கமிருந்து ஒரு குரல் "அண்ணை" என்று இரண்டு தரம் கூப்பிட்டது. தொழிலுக்குப் போகிற யாரோ சுகம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்தான். அந்தப் பக்கம் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, மிதவையோடு வளவுக்குத் திரும்பினான். இதை அவன் ஜசிந்தாவிடமும் சொல்லவில்லை, சுலோஜனாவிடமும் சொல்லவில்லை. இனிச் சொல்லப் போவதும் இல்லை.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு, பலகையும் ரெஜிபோமும் கழன்ற வெறும் தகரத்தின் நடுவே கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தான். தகரம் காய்ந்து கிடந்தது. சுரண்டல் இல்லை. பாசி மணமும் இல்லை. ஐந்தரையானபோது எழுந்து முகம் கழுவினான். முடிந்துவிட்டது என்று நினைத்தான்.

காய்ந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு வந்த சுலோஜனா வான் கதவடியில் நின்றாள்.

"இஞ்சருங்கோ, கடற்கரைப் பக்கமா ஆரோ உங்களைக் கூப்பிடினம்."

"என்னெண்டு?"

"அண்ணை எண்டு. ரெண்டு தரம்." அவள் திரும்பிக் காது கொடுத்தாள். "இந்தா, திரும்பவும். ஐயோ பாவம், சரியாக் களைச்சுப்போன குரல். கெதியாப் போய்ப் பாருங்கோவன்."